முடிக்காத கேம்கள்... அரியரா, அலமாரியா?

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து வீடு அடங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் நிம்மதியாக வீடியோ கேம் விளையாடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறார் ஒருவர். திரையில் வரிசையாக நூறு கேம்கள். ஆஃபரில் வாங்கியவை பாதி, இலவசமாகக் கிடைத்தவை மீதி. ஒன்றைத் திறக்கிறார். போன வருஷம் எந்த இடத்தில் விட்டோம் என்பதே நினைவில்லை, மூடிவிடுகிறார். இன்னொன்று அப்டேட் கேட்கிறது. முக்கால் மணி நேரம் தேடிவிட்டு, யூடியூபில் பழைய கிரிக்கெட் ஹைலைட்ஸ் பார்த்தபடியே தூங்கிப்போகிறார்.

இப்படி ஒருவர் இன்று பல வீடுகளில் இருக்கிறார். வாங்கியும் முடிக்காமல் கிடக்கும் கேம்களின் குவியலுக்கு 'பேக்லாக்' என்று பெயர். வாங்கிக் குவித்துவிட்டுப் படிக்காமல் வைத்திருக்கும் புத்தகங்களுக்கு ஜப்பானியர்கள் 'ட்சுண்டோகு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கேம்களுக்கும் அதேபோல 'ட்சுமிகே' என்று தனிச்சொல் உண்டு. நம் ஊர் இன்ஜினீயரிங் மாணவர்கள் மொழியில் சொன்னால், அரியர்!

சிக்கலே அங்கேதான். பொழுதுபோக்காக வாங்கியதை எப்போது அரியராக நினைக்க ஆரம்பிக்கிறோமோ, அப்போதே விளையாட்டு வேலையாகிவிடுகிறது.

குவிந்தது எப்படி?

டி.வி-யில் கேசட் செருகி விளையாடிய தலைமுறைக்கு இந்தப் பிரச்னை கிடையாது. வீட்டில் இருந்தது ஒன்றிரண்டு கேசட்தான். கோடை விடுமுறை முழுக்க அதே மரியோ, அதே குழாய், அதே ஆமை. முடித்தால் மறுபடி முதலிலிருந்து.

2003-ல் 'ஸ்டீம்' வந்தது. கடைக்குப் போகாமல் கம்ப்யூட்டரிலேயே கேம் வாங்கலாம் என்ற நிலை மெல்ல உருவானது. 2015-ல் ஸ்டீமில் இந்திய ரூபாயில் விலை போட ஆரம்பித்தார்கள். கோடைகால சேலில் பெரிய கேம்கள்கூட பாதி விலைக்கும் கீழே வரும். 2018 டிசம்பரில் தொடங்கிய 'எபிக் கேம்ஸ் ஸ்டோர்' இன்னும் ஒரு படி மேலே போய், கேம்களை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. ஊரடங்கு நேரமான 2020 மே மாதம் 'ஜி.டி.ஏ. 5'-ஐயே இலவசமாகக் கொடுத்தார்கள். ஆடித் தள்ளுபடியில் தேவையோ இல்லையோ நாலு புடவை எடுப்பதைப் போலத்தான் இதுவும். வாங்கும்போது இருக்கும் சந்தோஷம் வேறு; விளையாடும் சந்தோஷம் வேறு.

ஒரு சின்னக் கணக்கு. நூறு கேம்கள், ஒவ்வொன்றுக்கும் 15 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 1,500 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் தவறாமல் விளையாடினாலும் நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் எட்டு சேல் வந்து போய்விடும்!

மனசு ஏன் அரிக்கிறது?

பாதியில் விட்ட கேம் ஏன் நினைவில் உறுத்திக்கொண்டே இருக்கிறது? 1928-ல் மரியா ஓவ்சியான்கினா என்ற உளவியல் ஆய்வாளர் இதைப் பற்றி எழுதினார். ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களை நடுவில் நிறுத்தினால், யாரும் சொல்லாமலே அவர்கள் மறுபடி அதை எடுத்துச் செய்ய முனைகிறார்கள் என்பது அவர் கண்டது. எடுத்ததை முடிக்க விரும்புவது மனித இயல்பு.

இன்னொரு பக்கம், கொடுத்த காசு. அமெரிக்க ஆய்வாளர்கள் ஆர்க்ஸ், புளூமர் இருவரும் 1985-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாடகத்துக்கு சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்தார்கள். சீசனின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். காசுதான் அவர்களை இழுத்து வந்தது. கேம் அலமாரியிலும் இதே கதைதான். முழு விலை கொடுத்தது போரடித்தாலும் விட மனசு வராது. இலவசமாக வந்தது அருமையாக இருந்தாலும் திறக்கத் தோன்றாது.

போன காசு போனதுதான். முடித்தாலும் அது திரும்பி வராது. இனி செலவாகப்போவது உங்கள் நேரம் மட்டுமே. வேலை, குடும்பம், தூக்கம் போக மிஞ்சும் அந்த ஒரு மணி நேரத்தை, பிடிக்காத ஒன்றுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?

எங்கே தொடங்குவது?

முதலில் ஒரு நோட்டை எடுத்து எல்லா கேம்களின் பெயரையும் எழுதுங்கள். அவற்றை மூன்றாகப் பிரியுங்கள். உண்மையிலேயே முடிக்க ஆசைப்படுபவை, எப்போதாவது பார்க்கலாம் என்பவை, விட்டுவிடலாம் என்பவை. மூன்றாவது பட்டியல்தான் நீளமாக வரும், வரட்டும். பி.ஜி.எம்.ஐ. போல முடிவே இல்லாத கேம்களை எதிலும் சேர்க்காதீர்கள். தெருவில் ஆடும் கிரிக்கெட்டை யாராவது முடிக்க முடியுமா?

அடுத்து, எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். 'ஹவ் லாங் டு பீட்' என்ற தளத்தில், விளையாடி முடித்தவர்களே நேரத்தைப் பதிந்திருப்பார்கள். 'தி விட்சர் 3'-ன் முதன்மைக் கதைக்கு மட்டும் சுமார் 50 மணி நேரம் வேண்டும். 'போர்ட்டல்' மூன்று மணி நேரம் சொச்சத்தில் முடிந்துவிடும். கையில் ஒரு பெரியது, ஒரு சின்னது. அதற்கு மேல் வேண்டாம். சின்னது முடியும்போது கிடைக்கும் தெம்பு பெரியதையும் நகர்த்தும்.

பாதியில் விட்டதற்குத் திரும்பும்போதுதான் பலர் திணறுகிறார்கள். எந்த பட்டன் எதற்கு என்பதே மறந்திருக்கும். நேராகப் பெரிய சண்டையில் இறங்காமல், அரை மணி நேரம் சும்மா சுற்றி வாருங்கள். கை தானாகப் பழகிவிடும். கடினமாக இருந்தால் 'ஈஸி'க்கு மாற்றிக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கதையின் முடிவு மட்டும் தெரிந்தால் போதும் என்றால், யூடியூபில் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். அதுவும் முடித்த கணக்குதான்.

எதையும் முடிக்காதவர் நாம் மட்டும்தான் என்ற குற்ற உணர்ச்சியும் வேண்டாம். ஸ்டீமில் பல கேம்களில் எத்தனை சதவிகிதம் பேர் எதுவரை போனார்கள் என்ற விவரம் இருக்கும். உலகமே கொண்டாடிய நீளமான கேம்கள் பலவற்றில், கடைசிக் காட்சியைப் பார்த்தவர்கள் பாதிப்பேர்கூடத் தேற மாட்டார்கள்.

புதிதாக வாங்கத் தோன்றினால் 'விஷ் லிஸ்ட்'டில் போட்டுவிட்டு அடுத்த சேல் வரை பொறுங்கள். ஆசை அப்போதும் இருந்தால் வாங்கலாம். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது.

சேர்த்து வைத்து என்ன செய்ய?

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஸ்டீமில் நாம் வாங்குவது கேமை அல்ல. அதை விளையாடும் உரிமத்தை மட்டும்தான். 2024 அக்டோபரிலிருந்து பணம் கட்டும் இடத்திலேயே இதை எழுதிக் காட்டுகிறார்கள். அக்கவுன்ட்டை வேறொருவர் பெயருக்கு மாற்றவும் விதிகளில் இடமில்லை. நகையைப் போலப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடியாத சொத்து இது. அதன் மதிப்பு, இருக்கும்போது விளையாடுவதிலும் பகிர்ந்துகொள்வதிலும்தான் இருக்கிறது. ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஆறு பேர் வரை கேம்களைப் பகிர்ந்துகொள்ள 'ஸ்டீம் ஃபேமிலிஸ்' என்ற வசதி இருக்கிறது. அப்பா பாதியில் விட்டதை மகள் முடிக்கலாம்.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லையா? 'வெண்பா' என்றொரு கேம். கனடாவின் டொரான்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' 2023-ல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் கிழிந்துபோன சமையல் நோட்டைப் பார்த்து, அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லி முதல் ஒவ்வொன்றாகச் சமைக்க வேண்டும். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது வாங்கியது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைத் திறந்து, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இட்லிப் பானையில் எதை முதலில் வைக்க வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார். மாலை காபி வருவதற்குள் ஒரு கேம் முடிந்திருக்கும். மீதி தொண்ணூற்றொன்பதும் அலமாரியிலேயே இருக்கட்டும்.