பழைய ஜீப் ஹீட் ஆகுதா? ரேடியேட்டரை மாத்தறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆனதும் நிறைய பேருக்கு வர்ற ஆசை, செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய தார் இல்லேன்னா ஜிப்ஸி. ஆசை தப்பில்ல. ஆனா பட்ஜெட்ல வாங்குற விலையை மட்டும்தான் போடுறோம். பத்து வருஷம் தாண்டின வண்டியில பர்ஸைப் பதம் பார்க்குற விஷயங்கள்ல ஒண்ணு, இன்ஜின் ஓவர்ஹீட்.

இதுல பணம் ரெண்டு வழியில போகும். ஒண்ணு, காரணம் தெரியாமலே ஒவ்வொரு பார்ட்டா மாத்தறது. இன்னொண்ணு, "இன்சூரன்ஸ்தான் இருக்கே"ன்னு டெம்பரேச்சர் முள் ஏறின பிறகும் ஓட்டறது. ரெண்டாவதுதான் பெரிய செலவு. ரெண்டையும் வரிசையா பார்ப்போம்.

முதல் கேள்வி: எப்போ ஹீட் ஆகுது?

மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி இதைக் கவனிச்சு எழுதி வச்சுக்கோங்க. பாதி டயக்னோசிஸ் இதுலயே முடிஞ்சிடும்.

- டிராஃபிக்லயும் மலை ஏறும்போதும் மட்டும் ஹீட் ஆகுது, ஹைவேயில சரியா இருக்குன்னா, காத்து போதலைன்னு அர்த்தம். ஃபேன் பக்கம் பாருங்க.
- ஹைவேயில வேகமா போகும்போது ஹீட் ஆகுது, ஐடிலிங்ல சரியா இருக்குன்னா, கூலண்ட் ஓட்டம் குறையுது. ரேடியேட்டர் உள்ளே அடைப்பு அல்லது வாட்டர் பம்ப்.
- ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரத்துலயே முள் ஏறுதுன்னா, கூலண்ட் குறைவா இருக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காம மாட்டியிருக்கலாம்.
- வெளியே எங்கயும் ஒழுகல, ஆனா கூலண்ட் குறைஞ்சுக்கிட்டே இருக்குன்னா, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படணும்.

கொழுக்குமலை மாதிரி ரோட்டுல ஜீப் முதல் கியர்ல ஊர்ந்துதான் ஏறும். இன்ஜினுக்கு வேலை அதிகம், முன்னாடி இருந்து வர்ற காத்து ரொம்பக் குறைவு. அந்த நேரத்துல ஃபேன் ஒண்ணுதான் துணை. ஊருக்குள்ள நல்லா ஓடின வண்டி அங்கே போய் ஆவி கக்குறதுக்குக் காரணம் இதுதான்.

செலவு குறைஞ்சதுல இருந்து ஆரம்பிங்க

1. கூலண்ட் லெவல். இன்ஜின் முழுசா ஆறின பிறகுதான் மூடியைத் திறக்கணும். சூடா இருக்கும்போது திறந்தா கொதிக்கிற கூலண்ட் முகத்துல அடிக்கும். போர்வெல் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சு ரேடியேட்டர் அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. ரெடிமிக்ஸ்னா அப்படியே ஊத்தலாம்.

2. ரேடியேட்டர் மூடி. இது வெறும் மூடி இல்ல, பிரஷர் வால்வு. சாதாரணமா 100 டிகிரியில கொதிக்கிற தண்ணி, உள்ளே 1 பார் பிரஷர் கூடினா 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடியோட ரப்பர் போச்சுன்னா இந்த லாபமும் போச்சு.

3. ரேடியேட்டர் வெளிப்பக்கம். ஆஃப்-ரோடு போன வண்டியில ஃபின்களுக்கு நடுவுல சேறு காய்ஞ்சு அடைச்சிருக்கும். இன்ஜின் பக்கத்துல இருந்து வெளியே தள்ளுற மாதிரி, மெதுவான பிரஷர்ல கழுவுங்க. வேகமா அடிச்சா ஃபின் மடங்கிடும். கிரில்லை மறைக்கிற எக்ஸ்ட்ரா லைட் இருந்தா கழட்டிப் பாருங்க.

4. ஃபேன் கிளட்ச். பெல்ட்ல ஓடுற ஃபேன்ல நடுவுல விஸ்கஸ் கிளட்ச் இருந்தா, இன்ஜின் ஆஃப் ஆகி ஆறின நேரத்துல கையால சுத்திப் பாருங்க. கொஞ்சம் இறுக்கமா சுத்தணும். தட்டிவிட்டதும் தானா பல சுத்து சுத்துச்சுன்னா கிளட்ச் போயிடுச்சு.

5. தெர்மோஸ்டாட். "கழட்டிப் போட்டுட்டா சரியாயிடும்"னு சொல்வாங்க. ஒத்துக்காதீங்க. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராம மைலேஜ் குறையும். சில இன்ஜின்ல கூலண்ட் ரேடியேட்டருக்கே போகாம பைபாஸ்ல சுத்தி, இன்னும் ஹீட் ஆகும். புதுசு போடுங்க.

இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் வாட்டர் பம்ப், ரேடியேட்டர் உள் கிளீனிங், கடைசியாதான் புது ரேடியேட்டர். ஹெட்டைக் கழட்டணும்னு மெக்கானிக் சொன்னா, முதல்ல ஹெட் கேஸ்கட் லீக் டெஸ்ட் கேளுங்க. கூலண்ட்ல இன்ஜின் புகை கலக்குதான்னு ஒரு நீலக் கலர் கெமிக்கல் காட்டிக் கொடுத்திடும். அந்த டெஸ்ட்டுக்குக் கொடுக்கிற காசு, தேவையில்லாம ஹெட் இறக்குற லேபரை மிச்சம் பண்ணும்.

இன்சூரன்ஸ் காப்பாத்துமா?

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன், அதனால வர்ற தொடர் நஷ்டம் எதுவும் கவர் ஆகாது. தெர்மோஸ்டாட் மாட்டி இன்ஜின் சீஸ் ஆச்சுன்னா முழுச் செலவும் உங்களோடது. இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் பெரும்பாலும் தண்ணி புகுறது, ஆயில் கசியறது இதுக்குத்தான். பாலிசி வாசகத்தை ஒரு தடவை படிச்சிடுங்க.

சரி, பாறை அடிச்சு ரேடியேட்டர் உடைஞ்சா? அது விபத்து, கிளெய்ம் பண்ணலாம். ஆனா பாலிசியில ஒரு கண்டிஷன் இருக்கு: விபத்துக்குப் பிறகு ரிப்பேர் பண்ணாம ஓட்டி, அதனால சேதம் அதிகமானா அது உங்க சொந்தப் பொறுப்பு. ஒழுகுற ரேடியேட்டரோட "பக்கத்து ஊர் வரைக்கும்தானே"ன்னு ஓட்டினா, ரேடியேட்டருக்குக் காசு வரும், இன்ஜினுக்கு வராது.

கிளெய்ம் பண்றதும் எப்பவும் லாபம் இல்ல. ஒரு உதாரணக் கணக்கு:

- ரேடியேட்டர் பார்ட் விலை: ரூ.12,000
- 10 வருஷம் தாண்டின வண்டிக்கு மெட்டல் பார்ட்டுக்கு 50% தேய்மானம் (பிளாஸ்டிக், ரப்பருக்கு எப்பவுமே 50%): ரூ.6,000 கழியும்
- 1,500 சி.சி.க்கு மேல கட்டாய டிடக்டிபிள்: ரூ.2,000
- உங்களுக்கு வர்றது: ரூ.4,000

இப்போ இன்னொரு பக்கம். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.8,000, அதுல 50% நோ கிளெய்ம் போனஸ் வாங்கறீங்கன்னு வச்சுக்கோங்க. கிளெய்ம் பண்ணினா போனஸ் பூஜ்யம் ஆகி, மறுபடி 20, 25, 35, 45, 50ன்னு ஏறணும். அந்த அஞ்சு வருஷமும் அடிப்படை பிரீமியம் மாறலைன்னு எடுத்தா, கூடுதலா கட்டறது 4,000 + 2,400 + 2,000 + 1,200 + 400 = ரூ.10,000. நாலாயிரம் வாங்க பத்தாயிரம் கொடுக்கிறோம்! என்.சி.பி. புரொடெக்ட் எடுக்கலைன்னா, சின்ன பில்லைக் கையில இருந்து கட்டறதே மேல்.

எப்போ நிறுத்தணும்?

முள் நார்மலைத் தாண்டினதும் ஏசியை அணைச்சு ஓரம் கட்டுங்க. ஹீட்டர் இருந்தா ஃபுல்லா போடுங்க, இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். சிவப்புக்குப் போயிட்டாலோ ஆவி வந்தாலோ உடனே இன்ஜின் ஆஃப். சூடான இன்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, ஹெட் விரிசல் விடும். ஆறலைன்னா டோ பண்ணுங்க. டோ வண்டிக்குக் கொடுக்கிற காசு வலிக்கும்தான். ஆனா ஹெட் வளைஞ்சு, லேத்துக்குப் போய், இன்ஜின் வேலை வரைக்கும் போற செலவுக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் எடுத்திருந்தா அந்த வலியும் குறையும். எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் டோ பண்ணுவாங்க, மலை ரோட்டுக்கு வருவாங்களான்னு முன்கூட்டியே கேட்டு வைங்க.

இன்னொரு விஷயம். சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற கார் வருமான வரியில கேப்பிட்டல் அசெட் கிடையாது. இன்ஜினுக்கு லட்சம் செலவு பண்ணிட்டு நஷ்டத்துல வித்தா, அந்த நஷ்டத்தை வரிக் கணக்குல எங்கயும் காட்ட முடியாது. அதனால பெரிய ரிப்பேருக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு நம்பர் எழுதுங்க: இப்போ இருக்கிற நிலையில வித்தா என்ன வரும், ரிப்பேர் பண்ணி வித்தா என்ன வரும். வித்தியாசம் ரிப்பேர் பில்லை விடக் குறைவுன்னா, மீதி நீங்க ஆசைக்குக் கொடுக்கிற விலை. கொடுக்கலாம், தப்பில்ல. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம, கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. போடாம கொடுக்க முடியணும், அவ்வளவுதான்.