தூசியினின்று கிரகங்கள்

மாசி மாதத்து முன்னிரவில் தென்றிசை வானை நோக்குவார்க்கு அகத்திய நக்ஷத்திரத்திற்குச் சற்று மேற்கே 'பீட்டா பிக்டோரிஸ்' என்னும் மங்கிய நக்ஷத்திரம் ஒன்று புலப்படும். அதன் ஒளி நம்மை வந்தடையச் சுமார் 63 ஆண்டுகள் செல்லும். அதன் வயதோ ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளே; 460 கோடி ஆண்டு கண்ட நம் சூரியனை நோக்க, அது கைக்குழந்தையாம்.

1983-ம் ஆண்டில் விண்ணிற் செலுத்தப்பட்ட ஐராஸ் என்னும் கருவி, இந்நக்ஷத்திரத்தினிடமிருந்து அளவிற்கு மிஞ்சிய வெப்பக்கதிர்கள் வருதலைக் கண்டது. மறு ஆண்டில் ஸ்மித், டெரில் என்னும் இருவர் சிலி தேசத்து மலையொன்றிலிருந்து, நக்ஷத்திரத்தின் ஒளியை மறைத்துப் படமெடுத்தனர். அதனைச் சூழ்ந்த தூசித்தட்டு, விளிம்புப் புறமாக, அப்படத்தில் தோன்றிற்று.

இத்தூசி நக்ஷத்திரம் பிறந்தபோது எஞ்சியது என எண்ணுதல் எளிது. ஆனால் அது பொருந்தாது. நுண்டுகள்களை அந்நக்ஷத்திரத்தின் ஒளியே வெளியே தள்ளிவிடும். பருத்த துகள்களும் தம்முள் மோதி நுண்ணியவாகிப் பின் அவ்வாறே நீங்கும். இரண்டு கோடி ஆண்டுகள் அவை நிலைத்திரா. ஆகவே, நம் பார்வைக்கு எட்டாத பெரும்பாறைகள் இடையறாது மோதிப் புதுத்தூசியை உண்டாக்கி வருதல் வேண்டும். கிரகங்கள் திரளுதற்குரிய பொருளும் அத்தகைய பாறைகளே.

தட்டின் உட்பகுதி சிறிது சாய்ந்திருந்தது. மறைந்துள்ள கிரகமொன்று அதனை ஈர்க்கின்றது என வானநூலார் கணித்தனர். 2003-ல் எடுத்த படங்களை ஆராய்ந்த லக்ரான்ஜ் அம்மையார் குழுவினர், நக்ஷத்திரத்தருகே ஒளிப்புள்ளியொன்றைக் கண்டு 2008-ல் அறிவித்தனர். அது தற்செயலாய்ப் பின்னே அமைந்த வேறு நக்ஷத்திரமோ என்னும் ஐயம் நீங்கவில்லை. 2009-ன் தொடக்கத்தில் நோக்கியபோதோ புள்ளியையே காணோம்! அவ்வாண்டின் பிற்பகுதியில் அது நக்ஷத்திரத்தின் மறுபுறத்தே வெளிப்பட்டது. கிரகமே எனத் தெளிந்தனர். அதனினும் உள்ளே மற்றொன்று சுற்றுதல் 2019-ல் அறியப்பட்டது.