நடுவழியில் காற்றுப் போனால்...

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளமானது. அதில் ஒட்டுசுட்டான் வரும்வரை காடே அதிகம். சில மாதங்களுக்கு முன், பொழுது சாயும் நேரத்தில் அவ்வழியே வந்துகொண்டிருந்தேன். வீதியோரத்தில் ஓர் இளம் குடும்பத்தினர் மோட்டார் சயிக்கிளை நிறுத்திவிட்டு நின்றனர். கரியரில் யூரியா மூட்டை ஒன்று கட்டியிருந்தது. தாயின் இடுப்பில் நான்கு வயது மதிக்கத்தக்க பிள்ளை.

"என்ன தம்பி, காத்துப் போட்டுதோ?"

"ஓமண்ணை, பின் சில்லு. ஒட்டுப் போடக் கையிலை ஒண்டும் இல்லை. தள்ளுவமெண்டால் மூட்டையோடை அசையுதில்லை."

தம்பி கிளையொன்று முறித்து வண்டிக்கு முண்டு கொடுக்கலாமென்று காட்டோரம் இறங்கப் போயிருக்கிறார். மனைவி விடவில்லை. "பத்தைக்குள்ளை போகாதையுங்கோ எண்டு கத்தினனான்" என்றார். அவர் கத்தியது சரி. வன்னியில் மிதிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்து பெரும்பாலான நிலம் துப்புரவாக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் முற்றாக முடிக்க வேண்டிய திகதி 2028 ஜூன் 1. 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தபோது இலங்கை ஏற்றுக்கொண்ட தவணை அது. ஆகவே வண்டி எங்கே நின்றாலும் மண்டையோட்டுப் பலகையையும் சிவப்புக் குறித்தடியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஆள் நடந்து பழகிய தடத்தை விட்டு இறங்காதீர்கள். தண்ணீர் தேடியோ தடி தேடியோ பற்றைக்குள் போகவே வேண்டாம். மாலை மங்கினால் யானைப் பயமும் இருக்கிறது.

காற்றுப் போவது ஓடும்போதே தெரியும். பின் சில்லு என்றால் வண்டியின் வால் பாம்புபோல் நெளியும். முன் சில்லு என்றால் ஹான்டில் பாரமாகி ஒரு பக்கம் இழுக்கும். பதறிப்போய் பிறேக்கை அழுத்தினால் விழுவது நிச்சயம். பெற்றோலைக் குறைத்து, ஹான்டிலை இறுகப் பிடித்து, நேராகவே ஓடவிட்டு வேகத்தைத் தணியுங்கள். பிறேக் பிடிக்கத்தான் வேண்டுமென்றால் காற்றுள்ள சில்லின் பிறேக்கை மெல்லப் பிடியுங்கள். நின்ற பின் ஒரு முழமேனும் ஓட்டாதீர்கள். காற்றில்லாத ரயர் ரிம்மில் சுழன்று ரியூப்பை இழுக்கும். வால்வு அடியோடு கிழிந்துவிடும். ஒரு ஒட்டோடு முடிய வேண்டியது புது ரியூப் செலவாகும்.

பலர் நினைப்பதுபோல ஒட்டுப் போடச் சில்லைக் கழற்ற வேண்டியதில்லை. வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்துங்கள். முதலில் ரயரைச் சுற்றிக் கையால் தடவி, ஆணியோ முள்ளோ குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். கண்டால் அந்த இடத்தை ரயரில் குறித்துவிட்டுப் பிடுங்குங்கள். வெற்றிலைப் பையிலுள்ள சுண்ணாம்பு குறிபோட நல்லது. வால்வின் நட்டைக் கழற்றி, மீதிக் காற்றையும் விட்டு, ரயரின் ஒரு பக்க விளிம்பை மாத்திரம் இரண்டு நெம்புகோலால் தூக்குங்கள். அதற்கு எதிர்ப் பக்க விளிம்பை ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் காலால் அமுக்கிவைத்தால் நெம்புவது இலகு. இந்த ஒரு விடயம் தெரியாமல்தான் பலர் வியர்த்து விறுவிறுத்து ரிம்மை வளைக்கிறார்கள்.

ரியூப்பை வெளியே இழுத்துக் கொஞ்சம் காற்றடியுங்கள். தண்ணீர் தேடி ஓட வேண்டாம். கன்னத்தருகே பிடித்தால் காற்றுப் படுவது தெரியும். சந்தேகமான இடத்தில் எச்சில் தடவினால் குமிழி வரும். ஓட்டையைக் கண்ட பின் காற்றை விட்டு, அவ்விடத்தை அரத்தாளால் தேய்த்து, சொலூசனை மெல்லிதாகப் பூசி ஐந்து நிமிடம் பொறுங்கள். இங்கேதான் அவசரக்காரர் தோற்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் பத்துக் கட்டை ஓடுமுன் கழன்றுவிடும். விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் ஒட்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

ரியூப்பைத் திரும்ப வைக்குமுன் ரயரின் உட்புறத்தை ஒரு சீலைத் துண்டால் துடைத்துப் பாருங்கள். முள் முறிந்து உள்ளே நின்றால் புது ஒட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை வரும். பழைய முள்ளுக்கம்பித் துண்டு எங்கள் வீதிகளில் இன்னும் கிடக்கிறது. வெறுங்கையால் தடவாதீர்கள். ரியூப்புக்குச் சிறிது காற்றூட்டி உருண்டையாக்கி உள்ளே வையுங்கள். அப்போது அது முறுக்காது, நெம்புகோலிலும் கடிபடாது.

பம் பற்றி ஒரு சொல். சாதாரண சயிக்கிள் பம்மின் வாய் மோட்டார் சயிக்கிள் வால்வுக்குப் பொருந்தாமல் போகலாம். கடையிலேயே உங்கள் வண்டியில் பூட்டிப் பார்த்து வாங்குங்கள். எவ்வளவு காற்று என்பது அநேக வண்டிகளில் செயின் மூடியில் ஒட்டியிருக்கும். பின் சில்லுக்குத் தனியாள் என்றால் ஓர் அளவு, இருவர் என்றால் கூடிய அளவு. குறைந்த காற்றில் பாரம் ஏற்றுவதுதான் எங்கள் மக்களின் பாதி ஒட்டுக்குக் காரணம் என்பேன்.

புதிய வண்டிகள் சிலவற்றில் ரியூப் இல்லாத ரயர் வருகிறது. அதில் ஆணி குத்தினால் பிடுங்காதீர்கள். ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்றடித்து, மெதுவாகக் கடைவரை போய்விடலாம்.

சில்லு நன்றாயிருந்தும் இயந்திரம் நின்றுபோவது வேறு கதை. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பிளக் கரிபிடித்து அடிக்கடி நின்றுவிடும். அதைக் கழற்றித் துடைப்பது அன்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்த கைவேலை. இன்று பிளக் சாவி எங்கே இருக்கிறதென்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

வரிசையாகப் பாருங்கள். பெற்றோல் இருக்கிறதா? ராப்பை றிசேவுக்குத் திருப்பினீர்களா? இரவில் தாங்கிக்குள் பார்க்க நெருப்புக்குச்சி கொளுத்த வேண்டாம், ரோச் லைற்றைப் பிடியுங்கள். தாங்கி மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியிலுள்ள சிறு துவாரம் அடைபட்டிருக்கிறது. சில கட்டை ஓடி ஓடி நிற்கும் வண்டிக்கு அநேகமாக இதுவே நோய். காபரேற்றர் உள்ள வண்டியாயின் அதன் அடியிலுள்ள சிறு ஆணியைத் தளர்த்தி ஊத்தையையும் தண்ணீரையும் வடியவிடலாம். மாரியில் குளத்து வான் பாயும் இடங்களைக் கடந்து வந்தவர்களுக்கும், போத்தல் பெற்றோல் ஊற்றியவர்களுக்கும் இது வேண்டும். 2022 ஓகஸ்டில் மோட்டார் சயிக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் என்றிருந்தபோது, போத்தலில் சேர்த்து வைத்த பெற்றோலோடு தூசியும் சேர்ந்தே உள்ளே போயிற்று. கடைசியாகப் பிளக். ஆறவிட்டுக் கழற்றி, கரியைச் சுரண்டித் துடைத்துப் பூட்டுங்கள்.

இவற்றுக்கெல்லாம் வேண்டிய சாமான்கள் ஒரு சிறு சீலைப்பைக்குள் அடங்கும்: இரண்டு நெம்புகோல், ஒட்டு, சொலூசன், அரத்தாள், பிளக் சாவி, குறடு, ரோச் லைற். சொலூசன் ஒருமுறை திறந்தால் காய்ந்துவிடும். வருடத்துக்கொருமுறையேனும் மாற்றுங்கள். விழுந்து காயப்பட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அழைக்குமுன் கட்டைக் கல்லைப் பார்த்து நிற்கும் இடத்தைச் சொல்லத் தெரிந்திருங்கள்.

அன்று மாலை என் பையிலிருந்த ஒட்டில் வேலை முடிய முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. தாய் ரோச் லைற்றைப் பிடித்தார். பிள்ளை வால்வு நட்டைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு, கேட்கும்வரை தரவில்லை. புது ஒட்டோடு மூட்டையையும் ஏற்ற எனக்கு மனமில்லை. அதை என் கரியரில் மாற்றிக் கட்டி, ஒட்டுசுட்டானில் அவருடைய மாமியார் வீட்டில் இறக்கினேன். விடிந்ததும் வந்து எடுத்துப் போனதாக அறிந்தேன். போகும்போது அங்குள்ள கடையில் இரண்டு நெம்புகோலும் வாங்கினாராம்.