ஏற்றத்தின் ஓசையும் இறக்கத்தின் பாதுகாப்பும்

கினிகத்தேனையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் ஊடாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் வீதி, ஒருபுறம் மலையையும் மறுபுறம் பள்ளத்தையும் கொண்டு வளைந்து செல்வதாகும். இரவு வேளையில் அவ்வீதியில் புகைக்குழாய் மாற்றப்பட்ட வாகனமொன்று ஏறுமாயின், கெஹெல்கமு ஓயாப் பள்ளத்தாக்கின் மறுகரையிலுள்ள லயக் குடியிருப்புகளிலும் அதன் உறுமல் எதிரொலிக்கும். விடியுமுன் எழுந்து கொழுந்து பறிக்கச் செல்ல வேண்டிய தொழிலாளரின் உறக்கமும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் கவனமும் அத்துடன் கலைந்துவிடுகின்றன.

சிறிய ட்ரக் வண்டிகளின் ஸ்பிரிங்குகளை மாற்றித் தரையோடு தரையாக இறக்குவதும், தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட புகைக்கூட்டுக் குழாயைக் கழற்றிவிட்டு 'ஹெடர்' எனப்படும் குழாய்த் தொகுதியைப் பூட்டுவதும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வளர்ந்து உலகெங்கும் பரவிய ஒரு நாகரிகமாகும். எமது நாட்டு இளைஞர்களையும் அது கவர்ந்திருக்கின்றது. 2025 ஜனவரியில் பஸ் வண்டிகளினதும் முச்சக்கரவண்டிகளினதும் மேலதிக அலங்காரப் பாகங்களை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் ஆரம்பித்தனர். அதே ஆண்டு ஜூலை முதல் அதிக ஓசை எழுப்பும் சைலன்சர்கள் உட்பட அனுமதியற்ற மாற்றங்களுக்கு எதிராக நாடளாவிய சோதனைகள் இடம்பெற்றன. அபராதத்துக்கு அஞ்சிக் கழற்றுவோரும், சோதனை ஓய்ந்ததும் மீண்டும் பூட்டுவோரும் உள்ளனர். ஆயினும், இம்மாற்றம் வாகனத்தின் உள்ளே என்ன செய்கின்றது என்பதனை அவர்களுக்கு எடுத்துரைத்தவர்கள் மிகக் குறைவு. அதனை விளக்குவதே எமது நோக்கமாகும்.

நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் வெவ்வேறு கணத்தில் புகையை வெளியேற்றுகின்றது. தொழிற்சாலை பொருத்தும் வார்ப்பிரும்புக் கூட்டுக்குழாயில் இந்நான்கு வழிகளும் குறுகிய தூரத்திலேயே ஒன்றுசேர்கின்றன. இதனால் ஒரு சிலிண்டரின் புகை மற்றையதன் புகைக்குத் தடையாகலாம். ஹெடரிலோ ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி உருக்குக் குழாய் உண்டு. ஏறக்குறைய சம நீளமுள்ள அக்குழாய்கள் சற்றுத் தொலைவில் ஒன்றிணைகின்றன. ஒரு சிலிண்டரின் புகை விரைந்து செல்லும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகின்றது. அந்த அழுத்தக் குறைவு அடுத்த சிலிண்டரில் எஞ்சிய புகையையும் இழுத்துச் செல்கின்றது. புகை நன்கு வெளியேறினால் புதிய காற்று கூடுதலாக உட்புகும், வலுவும் கூடும். இத்தத்துவத்தில் பிழையில்லை.

எனினும், அப்பயன் எந்த வேகத்தில் கிடைக்கின்றது என்பதே கேள்வி. ஓட்டப்பந்தய வாகனங்களுக்கென அமைக்கப்பட்ட ஹெடர்கள் என்ஜின் மிக வேகமாகச் சுழலும்போதே முழுப்பயன் தருபவை. நோட்டன் பிரிட்ஜ் ஏற்றத்தில் மரக்கறி மூடைகளுடன் இரண்டாம் கியரில் ஏறும் வண்டிக்குத் தேவைப்படுவது குறைந்த சுழற்சியில் கிடைக்கும் இழுவிசையாகும். பருமனான குழாய்கள் அந்த இழுவிசையைக் குறைத்துவிடவும் கூடும். டர்போ பொருத்தப்பட்ட டீசல் என்ஜின்களில் நிலைமை வேறு. அங்கு புகையின் வெப்பமும் வேகமுமே டர்போவைச் சுழற்றுகின்றன. நீண்ட குழாய்களில் அவ்வெப்பத்தை இழந்தால் டர்போ தாமதித்தே விழித்தெழும். ஆகவே, பணத்தைச் செலவிட்டு ஓசையை மாத்திரம் வாங்கியவர்களே பலர்.

உயரம் குறைத்த வண்டியில் மேலும் சில சிக்கல்கள் எழுகின்றன. வண்டியின் சட்டம் நான்கு அங்குலம் இறங்கினால் அதில் பூட்டப்பட்ட என்ஜினும் புகைக்குழாயும் அதே நான்கு அங்குலம் இறங்குகின்றன. நீண்ட ஹெடரின் குழாய்கள் இணையும் இடம் பெரும்பாலும் வண்டியின் மிகத் தாழ்ந்த பகுதியாக அமைந்துவிடும். தோட்டப் பாதையின் கற்களும், வீதியின் குறுக்கேயுள்ள வடிகால்களும், வேகத்தடைகளும் முதலில் அதனையே தாக்கும். மேலும், இடதுபுறச் சுக்கான் கொண்ட வாகனங்களுக்கெனத் தயாரிக்கப்பட்ட ஹெடர், வலதுபுறச் சுக்கான் கொண்ட எமது வாகனங்களில் சுக்கான் தண்டுடன் முட்டிக்கொள்ளலாம். பிரேக்கின் பிரதான சிலிண்டரும் அதே வலது பக்கத்திலேயே இருக்கின்றது என்பதும் கவனிக்கத்தக்கது.

எமது அச்சம் தொடங்குவது இவ்விடத்திலேயே. பாரம் இழுக்கும் பெற்றோல் என்ஜினின் புகை 600 பாகை செல்சியஸைத் தாண்டுவது சாதாரணமாகும். வார்ப்பிரும்பை விட மெல்லிய உருக்குக் குழாய் அவ்வெப்பத்தை இலகுவில் வெளியே வீசுகின்றது. வாகனங்களில் பரவலாகப் பயன்படும் 'டொட் 3' தர பிரேக் எண்ணெய்க்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 205 பாகையாகும். அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 140 பாகைக்கு இறங்கிவிடும். தென்மேல் பருவமழை பல மாதங்கள் விடாது பொழியும் வட்டவளை, கினிகத்தேனை, நோட்டன் பிரிட்ஜ் பகுதிகளில் இவ்வுண்மையை இரட்டிப்புக் கவனத்துடன் நோக்க வேண்டும்.

ஏற்றத்தில் செந்தணலாகிய ஹெடருக்கு அருகில் பிரேக் குழாய் சென்றால் எண்ணெய் சூடேறும். அதைத் தொடர்ந்து வரும் இறக்கத்தில் பிரேக்கை மிதிக்க மிதிக்கச் சில்லுப் பக்கத்து வெப்பமும் அதனுடன் சேரும். எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றினால், மிதித்த பெடல் எவ்விதத் தடையுமின்றித் தரையைத் தொடும். குமிழ் சுருங்குமேயன்றி அழுத்தம் சில்லைச் சென்றடையாது. ஏற்றத்தில் ஓசை எழுப்பிய குழாய் இறக்கத்தில் உயிரைப் பறிக்கும் வழி இதுவாகும்.

பின்சில்லுப் பிரேக்குக்கும் ஓர் ஆபத்துண்டு. பல பிக்கப் வண்டிகளில், பாரத்துக்கு ஏற்பப் பின்பக்கப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உள்ளது. சட்டத்துக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தைக் கொண்டே அது பாரத்தை அறிகின்றது. வண்டியின் உயரத்தைக் குறைத்துவிட்டு அவ்வால்வைச் சீர்செய்யாதுவிட்டால், வெற்று வண்டியையும் பாரமேற்றிய வண்டியென அது கருதும். அப்போது மழையில் நனைந்த வீதியில் பின்சில்லுகள் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். பெரிய லொறிகளிலோ புகைக்குழாயை அடைத்து வேகத்தைத் தணிக்கும் எக்ஸோஸ்ட் பிரேக் உள்ளது. குழாயை மாற்றுபவர் அதனையும் அகற்றிவிட்டால், மலை இறங்கும் சாரதி தமக்கிருந்த துணையொன்றை இழக்கின்றார்.

மலையக இறக்கங்கள் எவருக்கும் சலுகை காட்டுவதில்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயாவில் மாணவர்களை ஏற்றிவந்த பஸ் வண்டியொன்று வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் 7 உயிர்கள் பலியாகின. அவ்விபத்துக்கும் ஹெடருக்கும் தொடர்பில்லை. ஆனால், இறக்கத்தில் ஒரு வாகனம் கட்டுப்பாட்டை இழந்தால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் அதில் பயணிப்போர் மட்டுமல்லர் என்பதனை அது எமக்கு உணர்த்திச் சென்றது.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளும் உள. சரியாகப் பொருந்தாத இணைப்பிலிருந்து கசியும் காபன் மொனொக்சைட்டு வாயுவுக்கு மணமில்லை. குளிருக்காகக் கண்ணாடிகளை மூடிச் செல்வோரை அது மயக்கத்தில் ஆழ்த்தும். வெப்பத்தை அடக்கவெனக் குழாயைச் சுற்றிக் கட்டும் நாடா, மழைநீரைத் தேக்கிவைத்துச் சாதாரண உருக்கை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். மலைப்பாதை வளைவுகளில் ஹோர்ன் ஒலித்து எச்சரிப்பது எமது சாரதிகளின் நல்வழக்கமாகும். தமது வண்டியின் இரைச்சலே காதை அடைக்கும் சாரதிக்கு எதிரே வரும் பஸ் வண்டியின் ஹோர்ன் எவ்வாறு கேட்கும்?

இத்தனைக்குப் பின்னரும் இம்மாற்றத்தை நாடுவோர், முதலில் அதற்குரிய அனுமதியை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்தறிதல் வேண்டும். புகைப் பரிசோதனையில் வண்டி தேறுமா, காப்புறுதி செல்லுபடியாகுமா என்பதனையும் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. நீண்ட ஹெடரைத் தவிர்த்து, சட்டத்துக்கு மேலேயே முடிவடையும் குறுகிய வகையைத் தெரிவு செய்தல் உயரம் குறைத்த வண்டிக்குப் பொருந்தும். வண்டியை நிறுத்தி வைத்து அளந்தால் போதாது. ஸ்பிரிங் முழுமையாக அமுங்கிய நிலையிலும் தரைக்கும் குழாய்க்குமான இடைவெளியை அளக்க வேண்டும். என்ஜின் அசையும்போது குழாய் வெடிக்காதிருக்க நெகிழும் இணைப்பொன்று அவசியம். பிரேக் குழாயையும் எரிபொருள் குழாயையும் அப்பால் நகர்த்தி, இடையில் வெப்பத்தடுப்புத் தகடு பொருத்த வேண்டும். புதிய கஸ்கட் இட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும் படிப்படியாக இறுக்கி, சில தடவைகள் சூடாகி ஆறிய பின்னர் மீண்டும் சரிபார்த்தல் முறையாகும். பிரேக் எண்ணெயையும் அத்துடன் மாற்றிவிட வேண்டும். சைலன்சரை அகற்றுவதற்கு இவற்றுள் எதுவுமே காரணமாகாது. ஹெடரும் சைலன்சரும் ஒரே வண்டியில் இருக்க முடியும்.

டிசம்பர் முதல் மே வரையிலான யாத்திரைக் காலத்தில், சிவனொளிபாதமலை என்றும் பாவா ஆதம் மலை என்றும் போற்றப்படும் மலையை நாடிச் செல்வோர் இரவிரவாக இவ்வீதியாற் பயணிக்கின்றனர். அவர்களுள் முதியோரும் கைக்குழந்தையுடன் செல்லும் தாய்மாரும் உளர். வீதி அவர்களுக்கும் உரியது.

இளைஞர்களின் கைத்திறனையும் வாகனத்தின் மீதான அவர்களது பற்றையும் நாம் குறைகூறவில்லை. வெல்டிங் பொறியை ஏந்தும் அக்கரங்கள் நாளை சிறந்த தொழில்நுட்பவியலாளர்களின் கரங்களாக மலர வேண்டும் என்பதே எமது விருப்பம். நல்ல மெக்கானிக் என்பவர், ஏறும்போது எழும் ஓசையைக் கேட்டு மகிழுமுன், இறங்கும்போது பிரேக் பிடிக்கின்றதா என்பதனை உறுதி செய்பவராவார். நோட்டன் பிரிட்ஜில் ஏறிய ஒவ்வொரு வண்டியும் இறங்கியே ஆக வேண்டும்.