பச்சை குத்துங் கலையும் சமோவாத் தீவின் கைவினைஞரும்

மேனியிற் பச்சை குத்திக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டார்க்குப் புதிதன்று. நம் பாட்டியர் பலருடைய முன்னங்கைகளிற் கோலமும் தேளும் புள்ளிவரிசையும் பசுமைநிறமாய் விளங்கியதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். அவற்றைக் குத்தியவர் யாவர் என வினவின், 'குறத்தி' என்னும் ஒரு சொல்லே விடையாகக் கிடைக்கும். அவள் பெயரையோ ஊரையோ அறிந்தார் அரியர். குத்திய குறி அறுபது எழுபது ஆண்டுகள் அழியாது நிற்க, குத்திய கையை அன்றே மறந்துவிட்டனர். இக்காலத்தோ, நகரங்கள்தோறும் மின்விசை ஊசியால் உருவம் பொறிக்குங் கடைகள் மலிந்துள்ளன. மாணவரிலும் இதன்கண் பேரார்வமுடையார் சிலர் உளர். அவ்வார்வத்தை இகழ்தல் எம் கருத்தன்று. ஆயினும், குறியை விரும்புவோர் அதனை ஆக்குந் தொழிலையும் தொழில்வல்லாரையும் எங்ஙனம் மதித்தல் வேண்டும் என்பது ஆராயத்தக்கதொரு பொருளாம். இதற்குச் சான்றாகப் பசிபிக் மாகடலிலுள்ள சமோவாத் தீவினரின் வழக்கத்தை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். பச்சை குத்துவோன் பெருமதிப்புடன் போற்றப்படும் நாடுகளுள் அது தலையாயது.

ஆங்கிலத்தில் வழங்கும் 'டாட்டூ' என்னுஞ் சொல்லே அக்கடற்பகுதியினின்று வந்ததாகும். 1769-ஆம் ஆண்டில் காப்டன் குக் என்பார் 'எண்டெவர்' என்னுங் கப்பலில் தாஹித்தித் தீவை அடைந்தபொழுது, அத்தீவினர் தம் உடலிற் குறி பொறித்துக்கொள்வதைக் கண்டார். அவரும், உடன் சென்ற இயற்கைநூல் வல்லுநர் ஜோசப் பாங்க்ஸ் என்பாரும், அவ்வழக்கத்தைத் தீவினர் கூறிய 'ததௌ' என்னும் பெயராலேயே தம் குறிப்பேடுகளிற் பதிந்தனர். கப்பலில் வந்த ஓவியர் சிட்னி பார்க்கின்சன் தம் கையிலேயே குறி பெற்றுக்கொண்டார். இக்காலத்து ஆர்வலர்க்கெல்லாம் அவரை முன்னோடி என்னலாம்.

சமோவாத் தீவுகளுள் சவாயி, உபோலு என்னும் இரண்டும் பெரியவை. அவை அடங்கிய மேற்குப் பகுதி 1962-ஆம் ஆண்டு முதல் தன்னாட்சி பெற்ற நாடாக விளங்குகின்றது. கீழ்ப்பகுதி அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்தது. இருபகுதியிலும் மொழியும் வழக்கமும் ஒன்றே. ஆங்கு ஆடவர் இடை முதல் முழங்கால்வரை பெறும் குறித்தொகுதிக்குப் 'பேஆ' என்று பெயர். மகளிர் தொடை முதல் முழங்காலின்கீழ்வரை பெறுவது 'மாலு' எனப்படும். பேஆ செறிவும் கருமையும் உடையது. மாலுவோ இடைவெளி மிகுந்து மெல்லியதாய் அமையும்.

இக்குறிகளைப் பொறிப்பவனைத் 'துஃபுங்கா' என்பர். இச்சொல் கருதத்தக்கது. வீடு கட்டும் பெருந்தச்சனுக்கும் தோணி செய்யும் வல்லுநனுக்கும் சமோவர் இதே சொல்லை வழங்குகின்றனர். கைத்தொழிலில் முற்றத் தேர்ந்தவன் என்பதே அதன் பொருள். நம் நாட்டில் 'ஸ்தபதி' என்னும் பெயரைக் கேட்டதும் நம் உள்ளத்தில் எழும் மதிப்பை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். இத்தொழில் சில குடிகளுக்கு உரிமையானது. 'சுஆ' என்னும் பட்டப்பெயருடைய குடியும், 'துலோஉவேனா' என்னும் பட்டப்பெயருடைய குடியும் அவற்றுள் பெயர்பெற்றவை. இளைஞன் பல ஆண்டுகள் ஆசானருகிலிருந்து தோலை இழுத்துப் பிடித்தும் குருதியைத் துடைத்தும் பழகிய பின்னரே கருவியைத் தன் கையில் எடுப்பான்.

இக்கலை வந்த வரலாறாக ஒரு பழங்கதை வழங்குகின்றது. தாயேமா, திலாஃபாயிங்கா என்னும் ஒட்டிப் பிறந்த சகோதரியர் இருவர் பீஜித் தீவிலிருந்து பச்சை குத்துங் கருவிகளைக் கொண்டு கடலில் நீந்தி வந்தனராம். "பெண்டிர்க்குக் குத்துக, ஆடவர்க்குக் குத்தற்க" என்னும் பொருளுடைய பாட்டை அவர்கள் மறவாமைப்பொருட்டுப் பாடிக்கொண்டே வந்தனர். இடையிற் கடலடியில் ஓர் அழகிய சிப்பியைக் கண்டு மூழ்கி எழுந்தவர்கள், பாட்டைத் தலைகீழாக மாற்றிப் பாடத் தொடங்கினராம். ஆகவே சமோவாவில் ஆடவர்க்கே பெருங்குறி உரியதாயிற்று என்பர். தம் பெருமைக்குரிய வழக்கத்தின் தோற்றத்தை ஒரு மறதியின்மேல் ஏற்றிச் சொல்லி நகைக்கும் அம்மக்களின் இயல்பு எமக்கு மிகவும் இனிதாகத் தோன்றுகின்றது.

இனித் தொழில் நடைபெறும் முறையைக் கூறுவாம். கருவிக்கு 'ஔ' என்று பெயர். காட்டுப்பன்றியின் கொம்பைத் தகடாக அறுத்து, அதன் ஒருபுற விளிம்பைச் சீப்பின் பற்களைப்போற் கூராக அராவி, ஆமையோட்டுத் துண்டொன்றிற் பிணித்து, அதனை மரக் கைப்பிடியின் நுனியிற் குறுக்காகக் கட்டுவர். பார்வைக்குச் சிறு களைக்கொட்டினைப்போல அது தோன்றும். அகன்ற பற்றொகுதியுடையது கருநிறம் நிரப்புதற்கும், குறுகியது மெல்லிய கோட்டிற்கும் புள்ளிக்கும் ஆகும். ஆதலின் ஒரு துஃபுங்காவிடம் பலவகை ஔ இருக்கும். மை, எண்ணெய்ச்சத்து மிகுந்த லாமா என்னுங் கொட்டையை எரித்துத் திரட்டிய புகைக்கரியால் ஆனது. நம் குறத்தியரும் புகைக்கரியையே கொண்டனர் என்பது ஈண்டு ஒப்பிடற்குரியது. அகத்திக்கீரையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியிற் பூசித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்துப் புதுப்பானையாற் கவிழ்த்து மூடி, படிந்த கரியைச் சுரண்டி எடுப்பர் என எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தம் நூற்றொகுதியில் எழுதியுள்ளார்.

குறி பெறுவோன் பாயிற் படுத்துக்கொள்வான். உதவியாளர் இருவர் இருபுறமும் அமர்ந்து அவன் தோலை இறுக இழுத்துப் பிடிப்பர். தோல் சிறிது தளரினும் கோடு கோணும். ஆதலின் இவர்தம் தொழிலும் எளிதன்று. துஃபுங்கா இடக்கையால் ஔவைத் தோலின்மேல் நிறுத்தி, வலக்கையிலுள்ள சிறு கோலினால் அதன் காம்பைத் தட்டுவான். தட்டுதல் ஒரே தாளத்தில் நிகழும். ஒவ்வொரு தட்டிலும் பற்கள் தோலுட் சென்று மையை விட்டு மீளும். தாளில் எழுதிய மாதிரி ஏதும் முன்னிற்பதில்லை. உடலின் வடிவும் தசையின் வளைவும் நோக்கி, மரபின் அளவைத் தன் கண்ணாலேயே அறுதியிட்டுச் செல்வான். முதுகின் கீழ்ப்புறத்திற் 'வாஆ' எனப்படும் தோணியுருவில் தொடங்கி, இடுப்பையும் தொடைகளையுஞ் சுற்றி, இறுதியிற் கொப்பூழில் முடிப்பது முறை. வீட்டின் கைமரங்களைக் குறிக்குங் கோடுகளும், பூரான், கடற்பறவை முதலியவற்றின் உருவங்களும் இடையிடையே வரும். குறி பெறுவோன், "எனக்கு இது வேண்டும், அது வேண்டா" என்று கேட்பதில்லை. மரபு வகுத்ததைத் துஃபுங்கா தருகின்றான், மற்றவன் ஏற்றுக்கொள்கின்றான். கடையிற் புகுந்து படப்புத்தகத்தைப் புரட்டி உருவத்தைத் தேர்ந்தெடுப்பார்க்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

தோலிற் புகுந்த மை அழியாது நிற்பது எங்ஙனம் எனச் சிலர் வினவுவர். தோலின் மேற்படை நாள்தோறும் தேய்ந்து உதிர்ந்து புதுப்பிக்கப்படும். ஆங்கு நின்ற மை சின்னாளில் மறைந்துவிடும். அதன் கீழ்ப்படை அங்ஙனம் உதிர்வதன்று. ஊசியோ சீப்போ அக்கீழ்ப்படையைச் சேர்தல் வேண்டும். அதற்கும் ஆழமாகச் சென்றால் மை பரந்து கோடு கலங்கும். அயற்பொருள்களை விழுங்கும் உயிரணுக்கள் கீழ்ப்படையில் மைத்துகள்களைப் பற்றிக்கொள்கின்றன. ஓரணு இறக்குங்கால் அது விடுத்த துகளை மற்றோரணு உடனே விழுங்கிக்கொள்ளுகின்றது எனப் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் சுண்டெலிகளிற் சோதித்து 2018-இல் வெளியிட்டனர். ஆகவே மயிரிழையளவு ஆழத்தைக் கையுணர்ச்சியொன்றினாலேயே அறிந்து பல்லாயிரந் தட்டுகளிலும் பிறழாது காப்பதே இத்தொழிலின் அருமை.

வேதனையோ மிகப் பெரிது. முழுக்குறி முடிய இரண்டு வாரமளவும் ஆகலாம். உடல் தாங்காவிடின் இன்னும் நீளும். உறவினர் சூழ்ந்திருந்து பாடியும் விசிறியும் ஆற்றுவர். வேதனையைப் பகிர்ந்துகொள்ளும்பொருட்டு இருவர் சேர்ந்தே தொடங்குவது பழைய வழக்கம். இடையிற் கைவிட்டவனுக்கு அரைகுறைக் குறி வாழ்நாள் முழுதும் மாறாத நாணமாகும். அவன் குடும்பத்திற்கும் அது தலைகுனிவே. முடித்தவனோ தலைவர்க்கும் ஊரவைக்கும் பணிபுரியும் தகுதியுடையான் எனக் கொள்ளப்படுவான். முடிவுநாளில் எண்ணெயும் மஞ்சளும் அவன்மேற் பூசி, தலையில் முட்டையொன்றை உடைத்துச் சடங்கு நிகழ்த்துவர்.

துஃபுங்காவிற்குக் கொடுக்குங் கொடையும் அவனுடைய மதிப்பிற்கேற்றதே. விருந்தோடு, மாதக்கணக்கில் மகளிர் முடைந்த 'ஈயே தோங்கா' என்னும் மெல்லிய பாய்களை அவன்முன் விரித்து அளிப்பர். திருமணத்திலும் தலைவர் பட்டமேற்கும் விழாவிலும் கைமாறும் உயர்ந்த செல்வம் அது. ஈண்டு நம் குறத்தியை நினையாதிருத்தல் எமக்கு இயலவில்லை. அவளும் புகைக்கரி கூட்டுதலையும் ஊசிகளைச் சேர்த்துக் கட்டுதலையும் தாயினிடம் கற்றாள். அவளும் குழந்தையின் அழுகை தெரியாதிருக்கப் பாடினாள். அவள் இட்ட கோலத்தின் இழைகளும் பிசகின்றி நின்றன. பெற்றதோ சில்லறைக் காசும், சிற்றூர்களில் ஓரிரு படி தானியமும். அமர்ந்ததோ வீட்டின் புறத்திண்ணை. அதனினும் கொடியது, குற்றப் பரம்பரையினர் சட்டத்தின்கீழ்ச் சென்னை மாகாணத்திற் குறவர் பலரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகப் பதிந்ததாகும். அச்சட்டம் இம்மாகாணத்தில் 1947-இலேதான் நீங்கிற்று. கையை நீட்டிக் குறியை வாங்கிக்கொண்ட சமூகமே குத்தியவளைத் திருடியென ஐயுற்றது. தீவினர் தம் துஃபுங்காவிற்குப் பாய் விரிப்பதை இதனோடு வைத்து நோக்கின், குறையிருந்தது தொழிலில் அன்று, நம் மதிப்பிலே என்பது விளங்கும்.

சமோவாவிலும் இக்கலை எதிர்ப்பின்றி வாழவில்லை. 1830-இல் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த ஜான் வில்லியம்ஸ் என்பார் சவாயித் தீவில் இறங்கினார். அவர்வழி வந்த போதகர் பச்சை குத்துதலைப் புறச்சமயப் பழக்கமென்று விலக்கினர்; கத்தோலிக்கக் குருமார் அத்துணைக் கடுமை காட்டவில்லை. தொங்காத் தீவில் 1839-ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே இது தடுக்கப்பட்டது. தாஹித்தியில் அடியோடு மறைந்தது. சமோவர் கிறிஸ்து மதத்தை முழுமனத்தோடு தழுவினர், குறியையும் விட்டிலர். 2017-இல் தம் நாட்டைக் கிறிஸ்தவ நாடென்று அரசியலமைப்பிற் பதிந்துகொண்ட அம்மக்கள் பேஆவை அதற்கு மாறாகக் கருதவில்லை. மிஷனரிமார் தீவினர்க்கு எழுத்தும் கல்வியும் அளித்த நன்றியை மறத்தலாகாது. எனினும், ஒரு தொழிலின் உள்ளியல்பை அறியுமுன்னரே அதனை விலக்க முற்பட்டது அவர்தம் அவசரமென்றே எமக்குப் படுகின்றது. 1980-களிற் பழைய வழக்கை மீட்க விழைந்த தாஹித்தியர், கலை அழியாதிருந்த சமோவாவின் துஃபுங்காவையே துணையாக நாடினர்.

உலகின் பிற இடங்களிற் பச்சை குத்துதல் பெருகியதற்கு இயந்திரமே காரணம். எடிசன் செய்த மின்விசை எழுதுகோலைத் தழுவி நியூயார்க்கில் சாமுவேல் ஓரைலி என்பார் 1891-இல் மின்விசை ஊசிக்குக் காப்புரிமை பெற்றார். விரைவும் மலிவும் வந்தன; ஆர்வலர் தொகை பெருகிற்று. ஆர்வலரெல்லாம் ஒருதரத்தினரல்லர் என்பதற்கு இரண்டு செய்திகள் போதும். நியூசிலாந்து நாட்டு வெள்ளைய ஓவியர் டோனி ஃபோமிசன் என்பார், 1979-ஆம் ஆண்டளவில் ஆக்லாந்து நகரில் சுஆ சுலுஅப்பே பவுலோ என்னும் பெரும் துஃபுங்காவிடம் சமோவ முறைப்படியே பாயிற் படுத்து, முழுப் பேஆவையும் பெற்று முடித்தார். சமோவரல்லாதார்க்கு அதனை அளித்தல் தகுமோ என்பதில் சமோவரிடையே கருத்து வேறுபாடு இன்றும் உண்டு; ஆயினும் அவர் வேதனையிற் பாதியைக் குறைத்துக் கேட்டிலர். மற்றொன்று 2013-இல் நிகழ்ந்தது. உலகறிந்த விளையாட்டுடைக் கம்பெனியொன்று, ஆடவர்க்கே உரிய பேஆவின் உருவத்தை மகளிர் அணியும் காற்சட்டையில் அச்சிட்டு விற்க முற்பட்டது. சமோவர் எழுப்பிய கண்டனத்தின்மேல் அக்கம்பெனி அதனைத் திரும்பப் பெற்றது. முன்னவர் தொழிலைத் தேடிச் சென்றார். பின்னவர் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

துஃபுங்காக்களும் காலத்தோடு மாறாமலில்லை. பன்றிக்கொம்பை முற்றக் கொதிநீரிலிட்டுத் தூய்மை செய்தல் அரிது. ஒருவர் குருதி மற்றொருவரைச் சேருமாயின் கொடிய நோய் பரவும். ஆதலின் இக்காலத்திற் பலர் எஃகுப் பற்களையும், ஆமையோட்டிற்கு ஈடாகச் செயற்கைத் தகட்டையும் மேற்கொண்டுள்ளனர். நியூசிலாந்து அரசாங்கத்தின் சுகாதாரப் பகுதியார் மரபுவழிப் பச்சை குத்துவோர்க்கென்றே 2010-இல் தனி நெறிமுறைகளை வெளியிட்டனர். அத்தொழிலைத் தடுக்காமல், தூயதாக நடத்தும் வழியை அவை வகுத்தன. கையுறை அணிந்து, பாயின்மேல் தூய விரிப்பு விரித்து, புதுமை தீட்டிய ஔவை எடுக்கும் துஃபுங்கா, மின்விசையை மட்டும் பேஆவிற் புகவிடுவதில்லை. கோல் காம்பைத் தட்டும் ஓசையே, தோலைப் பிடித்திருப்போர்க்கு எப்பொழுது இழுப்பது, எப்பொழுது துடைப்பது என்பதை அறிவிக்கின்றது.