கண்ணைக் காணாத கண்

ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளி என்றொரு சிறிய கிராமம் இருக்கிறது. ராஜாஜி 1878-ஆம் வருஷம் பிறந்தது அங்கேதான். அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாக விளங்குகிறது. ஓசூரோ 1970-களுக்குப் பிறகு தொழிற்சாலைகளின் ஊராகிவிட்டது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் அந்த எல்லைப்புறத்தின் பழைய பாஷைகள். ஆலை வேலைக்கு வந்தவர்களோடு மலையாளமும் வந்து சேர்ந்தது.

அந்த மலையாளத்தில் உள்ள ஒரு சிறு வசன நூலைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். ஸ்ரீ நாராயண குரு இயற்றிய 'ஆத்மவிலாஸம்' அது. ஒரு நாழிகைக்குள் படித்துவிடலாம். அதற்கும் தொரப்பள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.

அத்வைதம் என்ற சொல்லைக் கேட்டதுமே நம் வீடுகளில் பலர் மெல்ல எழுந்து போய்விடுகிறார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. பாஷ்யமும் கண்டனமும் எல்லோருக்கும் எட்டுகிற சரக்கல்ல. நாராயண குரு ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார். காண்பதெல்லாம் கண்ணாடிக்குள் தெரியும் நிழலைப்போல் இருக்கிறதே என்று அதிசயிக்கிறார். எல்லாவற்றையும் பார்க்கும் கண்ணுக்குத் தன்னைப் பார்க்க இயலவில்லை. எதிரே கண்ணாடியைப் பிடித்தால் கண்ணின் நிழல் அதில் விழுகிறது. அந்த நிழலைக் கண் பார்க்கிறது. நிழலுக்குக் கண்ணைப் பார்க்கும் சக்தி ஏது? அது ஜடமன்றோ? அப்படியானால் கண்ணை அறிகிறவர் யார்? நாம். நம்மை அறிவது எது? இப்படிப் படிப்படியாக ஏற்றிக் கடவுள் என்னும் பேரொளியின் முன்னால் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். கண்ணில் தூசி விழுந்து கண்ணாடி முன் நின்ற எவருக்கும் முதற் படி விளங்கும். வேதாந்தத்துக்கு இதைவிட எளிய வாசல் உண்டா என்று தெரியவில்லை.

இந்த வசனத்தில் தமிழ் மணம் வீசுவதும் இயல்பே. குரு தவம் செய்தது கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள மருத்துவாமலையில். அவர் தமிழிலே பதிகங்கள் பாடியவர். திருக்குறளின் சில பகுதிகளையும் 'ஒழிவிலொடுக்க'த்தையும் மலையாளமாக்கியவர். 'அத்வைத சிந்தா பத்ததி' என்னும் வசன நூலைத் தந்த சட்டம்பி ஸ்வாமிகளும் கல்லிடைக்குறிச்சி சுப்பா ஜடாபாடிகளிடம் பாடம் கேட்டவரே.

ஆனால் நாராயண குருவுக்கு அத்வைதம் வெறும் புத்தக விஷயமாக இருக்க முடியவில்லை. அவர் பிறந்த ஈழவ சமூகத்தாருக்கு வைக்கம் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கவும் உரிமை இல்லை. 1888-இல் அருவிப்புறத்தில் அவர் தம் கையாலேயே சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார். எல்லோரிடமும் இருப்பது ஒரே ஆத்மா என்றால், தீண்டத்தகாதவன் எங்கிருந்து வந்தான்?

வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த 1925 மார்ச்சில் காந்தியடிகள் வர்க்கலைக்குச் சென்று குருவைச் சந்தித்தார். உடன் சென்றவர்களில் தொரப்பள்ளியில் பிறந்த நம் ராஜாஜியும் ஒருவர். பேச்சு ஜாதியைப் பற்றித் திரும்பியது. ஒரே மரத்தின் இலைகள் ஒன்றுபோல் இல்லையே என்று காந்தியடிகள் ஒரு மரத்தைக் காட்டினாராம். இலைகளை மென்று பார்த்தால் சாறு ஒன்றுதானே என்றாராம் குரு. கண்ணாடியைக் கொண்டு எழுதியவர் மரத்தடியில் இலையைக் கொண்டு பேசினார்; சொன்ன விஷயம் ஒன்றே.

1939-இல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி ஆலயப் பிரவேசச் சட்டத்தை நிறைவேற்றினார். வர்க்கலைப் பேச்சே அதற்குக் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்குப் பின்னால் பல ஆண்டுகளின் போராட்டம் இருந்தது. திருவிதாங்கூரிலோ அதற்கு முன்பே, 1936-இல், கோவில்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. அதைக் காண நாராயண குரு இல்லை. அவர் 1928-லேயே ஸமாதி அடைந்துவிட்டார்.