சாயம் கடுமையாக, கோப்பை சிறிதாக

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். கொழும்பில் பாவித்த 50 வாட் வால்வு கிட்டார் ஆம்ப் ஒன்றை வாங்கிக் காம்பராவில் வைத்திருக்கிறார். வொலியூமை ஒன்றுக்கு மேல் திருப்ப முடியவில்லை. ஒன்றில் வைத்தால், எதற்காக ஆசைப்பட்டு வாங்கினாரோ அந்தத் தடித்த குரல் வரவில்லை. லயத்தைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை: 10க்கு 12 அடிக் காம்பரா, நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே தகரம். சுவருக்கு அந்தப் பக்கத்து அக்கா விடிய நாலு மணிக்கு எழும்பி, ரொட்டி சுட்டு வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறவர். அவருடைய தூக்கத்தைக் கெடுக்கிற இசை எனக்கும் வேண்டாம், தம்பிக்கும் வேண்டாம்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னேன். இந்த ஆம்பில் இரண்டு கட்டங்கள் உண்டு. சிறிய வால்வுகள் கிட்டாரின் மெல்லிய மின்னலையைப் பெரிதாக்கும். பெரிய வால்வுகள் அதற்கு வலுவேற்றி, டிரான்ஸ்ஃபோமர் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்பும். பெரிய வால்வுகளைத் தாங்கும் எல்லைவரை தள்ளும்போது அலையின் உச்சிகள் மழுங்கும். அந்தக் குரல் பெருமளவு அங்கேதான் பிறக்கிறது. அப்பா காலத்து வால்வு ரேடியோவை முடுக்கி இலங்கை வானொலி கேட்டவர்களுக்கு இந்தத் தடிப்பு தெரியும். அன்றைய பிலிப்ஸ் ரேடியோக்கள் பலவற்றில் இருந்த ஈ.எல்.84 வால்வுதான், வொக்ஸ் ஏ.சி.30 ஆம்பில் நான்காக நிற்கிறது.

வொலியூமைக் குறைப்பது தேயிலைத் தூளைக் குறைத்துப் போடுவது மாதிரி, சாயம் இறங்காது. தூளை நிறையப் போட்டு, சாயத்தை நன்றாக இறக்கிவிட்டுக் கோப்பையில் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சில ஆம்புகளில் இரண்டு கட்டங்களுக்கும் நடுவே இருக்கிற மாஸ்டர் வொலியூம் இதில் பாதியைத்தான் செய்யும்: சிறிய வால்வுகளில் சாயம் இறங்கும், பெரியவை சும்மா நிற்கும். பயிற்சிக்கு அது போதும் என்பவர்களை நான் மறுக்கமாட்டேன்.

முழுச் சாயமும் வேண்டுமென்றால் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டெனுவேட்டர் வைக்க வேண்டும். வால்வுகள் தள்ளுகிற சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக எரித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுகிற பெட்டி அது. பொஸ்டன் இசைக்குழுவின் டொம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் படித்த பொறியியலாளர். 1976இல் வந்த முதல் இசைத்தட்டின் பெரும்பகுதியை வீட்டு நிலவறையிலேயே பதிவுசெய்தவர். பிறகு அவருடைய நிறுவனம் பவர் சோக் என்ற பெயரில் இப்படியொரு பெட்டியை விற்றது.

“50 வாட்டை 25 ஆக்கினால் சத்தம் பாதியாகுமா, அண்ணே?” என்று கேட்டார். ஆகாது. 3 டெசிபெல்தான் குறையும். காதுக்கு அது சின்ன வித்தியாசம். சத்தம் பாதி என்று காது உணர, வாட் பத்தில் ஒன்றாக வேண்டும். கணக்கைப் பாருங்கள். கிட்டார் ஸ்பீக்கர் ஒன்று 1 வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில், ஏறத்தாழ 97 டெசிபெல் கொடுக்கும். 50 வாட்டில் 114. உரக்கப் பேசுகிற அளவான 70க்கு இறக்க ஸ்பீக்கருக்கு 2 மில்லிவாட் போதும், அதாவது இருபத்தையாயிரத்தில் ஒரு பங்கு! 1 வாட் ஆம்ப் வாங்கினாலும் லயத்துக்கு அது கூடத்தான்.

அவ்வளவு தூரம் குறைத்தால் ஒலி சப்பென்றாகும். ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு அசையாததும் ஒரு காரணம். நம் காதும் ஒரு காரணம்: மெல்லிய ஒலியில் அடித்தொனி நமக்குக் குறைவாகக் கேட்கும் என்று 1933இலேயே பிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். அதனால் குறைத்த பிறகு பேஸைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். ஆம்பைச் சுவரிலிருந்து தள்ளி, தடித்த ஸ்பொஞ்சின் மேல் வையுங்கள். அதிர்வு தரை வழியாகவும் அடுத்த காம்பராவுக்குப் போகிறது. பின்பக்கம் திறந்த ஆம்ப் என்றால் பின்னாலும் ஒலி பாயும். இரவு எட்டுக்குப் பிறகு அட்டெனுவேட்டரும் வேண்டாம். ஸ்பீக்கரின் இடத்தில் நின்று சக்தி முழுவதையும் வாங்கிக்கொள்கிற லோட் பொக்ஸும் ஹெட்போனும்தான் வழி. ஸ்பீக்கரின் தொனியைப் போலச் செய்கிற வசதி அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் குளவிச் சத்தம்தான் கேட்கும்.

தம்பி எழும்புகிற நேரத்தில் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னது இது. ஸ்பீக்கரோ லோடோ மாட்டாமல் வால்வு ஆம்பை ஒருபோதும் வாசிக்கக் கூடாது, டிரான்ஸ்ஃபோமர் எரிந்துபோகும். ஆம்பில் 8 ஓம் என்றால் பெட்டியும் 8 ஓம். பெட்டி தாங்குகிற வாட், ஆம்பின் வாட்டைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். முடுக்கிய 50 வாட் ஆம்ப் 50க்கு மேலேயே தள்ளும். பெட்டி சுடும், மேலே துணி போடக் கூடாது. ஆம்பின் மூடியைத் திறக்கவே வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 400 வோல்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ஆம்பிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்கும் போகிற வயர் ஸ்பீக்கர் வயராகவே இருக்கட்டும். கிட்டார் வயரின் முனையும் அதே மாதிரித்தான் இருக்கும், ஆனால் உள்ளே ஓடும் கம்பி மெல்லியது.